எழுபதைத் தாண்டியவர் விழலாகாது

எங்கள் வீட்டு ஆண்கள் குனிந்து நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. பினாங்கு ஸ்திரீட்டில் எங்கள் கடை இருந்த காலத்தில் எடுத்த படத்தில் என் அப்பச்சி (எங்களில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்), சுவரில் சாத்தி வைத்த பலகை மாதிரி நிற்கிறார். பக்கத்தில் ஏழு வயதில் நான், இன்னொரு சின்னப் பலகை. சாப்பிட உட்காரும்போது என் முதுகு கொஞ்சம் தளர்ந்தாலும் அப்பச்சி பின்னாலிருந்து விரல் முட்டியால் ஒரு குத்து விடுவார். வாயால் எதுவும் சொல்ல மாட்டார். அப்படி நிமிர்ந்த முதுகு பிறகு யாருக்காகவும் தளரவில்லை. குமரப்பன் நடந்து வந்தால் தேர் வருகிற மாதிரி இருக்கிறது என்று என்னைப் பற்றி ஒருவர் சொன்னதை நாற்பது வருடமாக நினைவில் வைத்திருக்கிறேன். தேரைத் திருப்ப எத்தனை பேர் வேண்டும், எத்தனை கட்டை போட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இப்போது வயது எழுபத்தாறு. ஆறு வருடங்களுக்கு முன் நான் சொன்ன ஒரு பொய் நம்மவர்களிடையே சாஸ்திரமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சொன்னவனே எழுதினால்தான் அது நிற்கும்.

எனக்கு எழுபது வயதானபோது பீமரத சாந்தி நடந்தது. ஜார்ஜ் டவுனில் மண்டபம், நூற்றைம்பது பேர், வீடியோ எடுக்க இரண்டு பேர். கும்ப நீர் ஊற்றி முடிந்ததும் நானும் என் மனைவி உமையாளும் குடும்பத்தில் மூத்தவர்களை விழுந்து கும்பிட வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு மூத்தவர் என்று இருந்தது ஒருவர்தான், என் அக்காள் விசாலம். எங்களில் அக்காளை ஆச்சி என்போம். ஆச்சி எனக்கு ஆறு வயது மூத்தவர். அத்தான் தவறி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆச்சி திருநீற்றுத் தட்டோடு கிழக்கே பார்த்து நின்றார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் செருப்பு மாட்டக் குனிந்தவனுக்கு முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. வேட்டிக்குள் நாலு விரல் அகலத்தில் இடுப்புக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் சடங்குக்கே வந்திருந்தேன். உமையாள் விழுந்தாள், எழுந்தாள். நான் நின்றேன். விழுந்தால் எழ முடியாது. நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். அது வீடியோவில் பதிவாகும். அதை என் பேரனின் பேரன்கூடப் பார்ப்பான். ஆகவே கையைக் கூப்பி, தலையை ஓர் அங்குலம் அசைத்தேன். திருநீற்றை எடுத்த ஆச்சியின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னண்ணே, ஆச்சிக்கு விழலையா?" என்று பங்காளி சுப்பையா கேட்டார். அவர் எதையும் மெதுவாகக் கேட்டதில்லை.

"எழுபது நெறஞ்சு கும்ப நீர் பட்ட ஒடம்பு. இனிமே அது யாருக்கும் விழப்படாது. சாஸ்திரம்" என்றேன்.

எந்தச் சாஸ்திரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னால் எதையும் கேட்க மாட்டார்கள். ஆச்சி தட்டை உமையாளிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று உமையாள் அன்று மாலையே கேட்டாள். கர்வம் பிடித்தவன் என்று ஊர் சொன்னால் அது எனக்குக் கௌரவம். முதுகு பிடித்தவன் என்று சொன்னால்தான் இழிவு. இந்தக் கணக்கை அவளுக்கு விளக்கினேன். அவள் விளக்கை ஏற்றப் போனாள்.

ஆச்சி புக்கிட் மெர்தாஜாமில் மகன் விஸ்வநாதனோடு இருந்தார். பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணி நேரம். ஆறு வருடத்தில் நல்லது கெட்டதுகளில் எதிர் எதிரே உட்கார்ந்திருக்கிறோம். பேசியதில்லை. போன ஆண்டுக் கடைசியில் விஸ்வநாதன் போன் செய்தான்.

"அம்மான், எனக்கு ஜொகூருக்கு டிரான்ஸ்பர். அடுத்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றோம். ஆத்தாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"ஆச்சி என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்குச் சொல்லணும்னும் சொல்லல. நானாத்தான் கூப்புடறேன்."

எண்பத்திரண்டு வயதில் ஜொகூருக்குப் போகிறவர் திரும்பி வந்து என் வாசலில் நிற்கப் போவதில்லை. அவர் போவதற்குள் நான் விழுந்தாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் மன்னிப்பை யாரும் வாயால் கேட்டதில்லை. அதற்குத் தரை இருக்கிறது. விழுந்தால் முடிந்தது, யாரும் எதையும் பேச வேண்டியதில்லை. முன்னோர்கள் அப்படி ஒரு வசதியைச் செய்து வைத்திருக்கிறார்கள். என் முதுகுக்குத்தான் அது எட்டவில்லை.

டாக்டர் இர்வான் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு வயதுக்கு ஏற்ற மாதிரி நன்றாகவே இருக்கிறது, அசைகிற பழக்கம்தான் கெட்டுப் போயிருக்கிறது என்று மலாயில் சொன்னார். எழுபத்தாறு வயதில் பழக்கம் கெட்டவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கையில் கெலுகோர் பக்கத்து முகவரி ஒன்று இருந்தது. அங்கே ஒரு அம்மாள் கையால் தொட்டு உடம்புக்கு அசைவு சொல்லிக் கொடுப்பாராம்.

காரை இரண்டு லோரோங், அதாவது இரண்டு சந்து, தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனேன். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? வரிசை வீடு. வாசலில் ஒரு மோட்டோர் சைக்கிள். கதவைத் திறந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் நவமணி. (அவரைப் பற்றி முதலில் அவள் இவள் என்றுதான் எழுதியிருந்தேன். உமையாள் படித்துவிட்டு, சொல்லிக் கொடுத்தவரை இப்படித்தான் எழுதுவீகளா என்றாள். திருத்திவிட்டேன்.)

"வாங்க அங்கிள், உள்ள வாங்க" என்றார்.

செட்டியார் என்பார்கள், ஐயா என்பார்கள், கோயிலில் தலைவரே என்பார்கள். அங்கிள் என்று யாரும் சொன்னதில்லை. ஆளை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"பைராம் தோட்டம், நிபோங் தெபால் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் செம்பனையில வேலை. நீங்க எந்தத் தோட்டம்?"

"நாங்க தோட்டம் இல்லை. பினாங்கு ஸ்திரீட்."

"ஓ, டவுனா" என்றார். எங்கள் மூன்று தலைமுறைப் பெருமையும் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது.

என்ன வேண்டும் என்று கேட்டார். ஐந்து வாரத்துக்குள் தரையில் விழுந்து எழ வேண்டும் என்றேன்.

"விழறதுக்கா? எங்கிட்ட வர்றவங்க எல்லாம் விழாம இருக்கத்தான் லா வருவாங்க."

உயரம் குறைந்த அகலமான கட்டில் ஒன்றில் என்னை மல்லாந்து படுக்கச் சொன்னார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் விலாவுக்கு அடியில் ஒரு கையை நுழைத்து வைத்துக்கொண்டார். அழுத்தவில்லை, பிடிக்கவில்லை. தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து துணியை எடுக்கிற மாதிரி அந்தக் கை கொஞ்சம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு எண்ணெய் தேய்க்க வருகிறவர் முதுகின் மேலேயே ஏறி நிற்பார். வலிக்காததை வைத்தியம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"ஆரம்பிச்சு கால் மணி ஆச்சு அங்கிள்."

பிறகு தலைமாட்டுக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையையும் என் தலைக்கு அடியில் வைத்தார்.

"தலையை எங்கிட்டக் குடுங்க."

"குடுத்தாச்சு."

"நல்லாக் குடுத்துட்டீங்களா?"

"முழுசாக் குடுத்தாச்சு."

"கையை எடுத்துட்டேன் அங்கிள்."

என் தலை தலையணைக்கு இரண்டு அங்குலம் மேலே தனியாக நின்றுகொண்டிருந்தது. அவர் கையை எடுத்து எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கழுத்து நடுங்க ஆரம்பித்த பிறகுதான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நானே என்று ஒத்துக்கொண்டேன்.

"எனக்கு ஹெல்ப் பண்ணாதீங்க" என்றார் நவமணி. "நான் ஒரு பக்கம் தூக்கினா நீங்க முந்திக்கிட்டு தூக்கறீங்க. அப்பறம் எனக்கு என்ன வேலை?"

"சும்மா இருந்து எனக்குப் பழக்கம் இல்லை."

"அதுக்குத்தான் வந்திருக்கீங்க."

எழுந்து நின்றபோது காலுக்குக் கீழே தரை அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது. மெத்தென்ற விரிப்புதான் காரணம் என்று முடிவு செய்தேன். விரிப்பு இல்லாத வாசலிலும் அப்படியே இருந்தது. காரண காரியங்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று காருக்கு நடந்தேன். வீட்டில், கோயில் நிர்வாகக் கூட்டம் என்று சொல்லியிருந்தேன். வாரம் இரண்டு கூட்டம் நடத்தும் அளவுக்கு எங்கள் கோயிலில் எதுவும் நடப்பதில்லை.

இரண்டாவது வாரம் தரைக்கு இறங்கினோம். நான் நேராக, இரண்டு முழங்காலையும் மடக்கி, முதுகு வளையாமல் இறங்கப் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. நவமணி சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரு கையை என் இடுப்பு எலும்பிலும் ஒரு கையைத் தோள்பட்டையிலும் வைத்தார். தள்ளவில்லை. இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டுகிற மாதிரி ஒரு கை இப்படிப் போனது, ஒரு கை அப்படிப் போனது. நான் பக்கவாட்டில் திரும்பினேன். ஒரு முழங்கால் இறங்கியது. கை தரையில் ஊன்றியது. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

"இது குழந்தைங்க செய்யற மாதிரி இருக்கு" என்றேன். மானம் போகிற விஷயம் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன்.

"ஆமா. எந்தக் குழந்தையாச்சும் முதுகு பிடிச்சிருச்சுன்னு டாக்டர்ட்ட போயிருக்கா?"

வீட்டில் பழகிப் பார்க்கச் சொன்னார். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, பக்கவாட்டில் இறங்கி, கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்கும்போது உமையாள் கதவைத் திறந்தாள்.

"என்ன தேடுறீக?"

"மோதிரம்" என்றேன்.

அவள் உடனே தரையில் உட்கார்ந்து, குனிந்து, கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்தாள். எழுபத்தொரு வயது. வந்தாள், எழுந்தாள், அலமாரிக்கு அந்தப் பக்கம் மறுபடி உட்கார்ந்தாள், துடைப்பத்தை எடுத்து வந்து துழாவினாள். மூன்று முறை தரைக்குப் போய் மூன்று முறை எழுந்தாள். நான் கையையும் முழங்காலையும் ஊன்றியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளைப் போய் நவமணி பார்த்தால் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வார்.

"எந்த மோதிரம்?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்டாள்.

"நவரத்தினம்."

உமையாள் தலையை வெளியே எடுத்தாள். தரையில் ஊன்றியிருந்த என் வலது கை அவள் மூக்குக்கு நேராக இருந்தது. அதில் நவரத்தின மோதிரம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கோயில் கூட்டத்துல இதைத்தான் பேசறாகளா?" என்றாள்.

சொல்லிவிட்டேன். உமையாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். பிறகு, "அந்த அம்மா எந்திரிக்கவும் சொல்லித் தருமா, எறங்கறது மட்டுந்தானா?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னை அவள்தான் எழுப்பி விட்டாள்.

எழுவதுதான் வரவில்லை. நாலாவது வாரத்தில் ஐந்து முறைக்கு ஒரு முறை எதையும் பிடிக்காமல் எழுந்தேன். மீதி நாலு முறை கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. ஒருநாள் நன்றாக வந்துகொண்டிருந்தபோது வாசல் கேட் கிறீச்சிட்டது. அடுத்த பாடத்துக்கு யாரோ வந்திருந்தார்கள். நான் கல்லாகிவிட்டேன்.

நவமணியின் உள்ளங்கை என் முதுகில் இருந்தது. "மூச்சை நிறுத்திட்டீங்க."

"நிறுத்தலை."

"என் கைக்குத் தெரியுது அங்கிள். யாரு பாக்கறாங்கன்னு நிறுத்தினீங்க?"

கேட்டுக்கு வெளியே நின்றவர் எங்களைப் பார்க்கவே முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் விட முடியவில்லை. நவமணி கட்டிலில் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு, கையை அதே இடத்தில் வைத்துக்கொண்டார். முகம் துண்டில் புதைந்திருந்ததால் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. ஆச்சியைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி, சாஸ்திரம் என் வாயிலேயே பிறந்தது என்பதைப் பற்றித் துண்டிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது விலா எலும்புகள் அந்தக் கைக்கு அடியில் தாமாக விரிந்தன. எங்கள் குடும்பத்தின் மானம் நாலாவது விலாவுக்கும் ஏழாவது விலாவுக்கும் இடையில்தான் இத்தனை காலம் தங்கியிருந்தது போலும்.

"அக்காகிட்ட முதுகு வலின்னு சொல்லிருங்களேன்" என்றார் நவமணி. "எதுக்கு விழணும்?"

ஐந்து வாரத்தில் அவர் சொன்ன ஒரே பிழையான யோசனை அது என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நானும் உமையாளும் புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேர்ந்தோம். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்கள். நடுவில் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் ஆச்சி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க" என்றார் என்னைப் பார்த்து. "வீடு இப்படிக் கெடக்கு. தப்பா நெனைக்காதீங்க."

எண்பத்திரண்டு வயது அக்காள், தம்பியை வாங்க என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். உமையாள் என் முழங்கையைத் தொட்டாள்.

"கும்பிட்டுக்கலாம்னு வந்தேன் ஆச்சி."

"யாரு யாரைக் கும்பிடறது? கும்ப நீர் பட்ட ஒடம்பு. நீங்க சாஸ்திரத்தை மீறினா எனக்குல்ல பாவம்."

ஆறு வருடம் அதைக் கெடாமல் வைத்திருந்திருக்கிறார். நான் இறங்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் விழுந்து கும்பிடுவது என்றால் ஒரே வீச்சில் விழுவது. நானோ ஒரு பக்கம் திரும்பி, ஒரு முழங்காலை மடக்கி, கையைத் தரையில் தேடி, இடுப்பைச் சரித்து, நண்டு மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன். இது கும்பிடு என்று ஆச்சிக்கு எப்படித் தெரியும்?

"விசு, ஓடியா. அம்மானுக்கு என்னமோ பண்ணுது."

உள்ளேயிருந்து விஸ்வநாதன் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். ஐந்து வாரம் கற்று இறங்கியதை ஒரு நொடியில் பாதி ஏற்றிவிட்டான்.

"விடுடா. கும்பிடறேன்."

"இதுவா கும்பிடறது?"

"விடுங்க தம்பி" என்றாள் உமையாள். "அவுக அப்படித்தான் எறங்குவாக. அஞ்சு வாரமாப் படிக்கிறாக."

மறுபடி முதலிலிருந்து தொடங்கி இறங்கினேன். முழு நீளத்துக்கும் படுத்துக் கையைக் கூப்பினேன். தரை சில்லென்று இருந்தது. வழக்கப்படி இப்போது ஆச்சி, நல்லா இரு, எந்திரி என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் எழப் பார்த்தேன். எந்தக் கை முதலில், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஒன்றும் நினைவில்லை. மூச்சு நின்றிருந்தது, இந்த முறை எனக்கே தெரிந்தது. எழவும் முடியாமல், அவரும் ஒரு சொல் சொல்லாமல், கன்னம் தரையில் ஒட்டிக் கிடந்தேன். பேசாமல் முடித்துக்கொள்ள முன்னோர் செய்து வைத்த வசதி என்னைக் கைவிட்டுவிட்டது.

"ஆச்சி, அது சாஸ்திரம் இல்ல" என்றேன் தரையைப் பார்த்து.

"என்னது?"

"நானாச் சொன்னது. அன்னிக்கு முதுகு பிடிச்சிருந்துச்சு. விழுந்தா எந்திரிக்க முடியாது. எல்லாரும் பாப்பாகன்னு அப்படிச் சொல்லிட்டேன்."

"பொய்யா?"

"பொய்தான்."



"ஒன் சாஸ்திரத்தைச் சொல்லிக்கிட்டு சுப்பையா அவன் எழுபதுல எனக்கு விழல" என்றார் ஆச்சி. குரல் உயரவில்லை. "அவன் தம்பி விழல. ரெண்டு விசேஷத்துக்கும் தட்டைத் தூக்கிட்டுப் போயித் தூக்கிட்டு வந்தேன். தாலி எறங்குனவளுக்கு விழக்கூடாதுங்கறதை மொகத்துக்கு நேராச் சொல்ல மாட்டாம, எல்லாரும் நீ சொன்னதைச் சொல்றாகன்னு நெனச்சேன். நீயும் அதுக்குத்தான் சொன்னேன்னு நெனச்சேன்."

அப்படி ஒரு எண்ணம் என் மனத்தில் ஒருபோதும் வந்ததில்லை. என் முதுகைத் தவிர வேறு எதைப் பற்றியும் அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை. இதை ஒரு சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லிப் பார்த்தால் அது சமாதானமாக இல்லை. "இல்ல ஆச்சி" என்று மட்டும் சொன்னேன்.

"விசு, சுப்பையாவுக்குப் போனைப் போடு."

"அம்மான் எந்திரிச்சு ஒக்காரட்டும் ஆத்தா."

"அங்கேயே கெடந்து பேசட்டும்."

விஸ்வநாதன் போனை என் வாய்க்குப் பக்கத்தில் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன குமரப்பண்ணே, ஞாயித்துக்கிழமையில?" என்றார் சுப்பையா.

"நான் சொன்னேன்ல, எழுபது தாண்டினவுக விழப்படாதுன்னு. அது பொய் சுப்பையா. அப்படி ஒரு சாஸ்திரம் கிடையாது."



"அதை ஏன் இப்பச் சொல்றீங்க?"

"பொய்யின்னு தெரியணும்ல."

"தெரிஞ்சு என்ன பண்ண? எனக்கு ரெண்டு முட்டியும் போயி நாலு வருஷமாச்சு. அந்தச் சாஸ்திரம் இருக்கப்போய்த்தான் நாலு எடத்துக்கு மானமாப் போயிட்டு வர்றேன். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தாண்ணே. அதை எடுத்துராதீங்க லா."

"சுப்பையா" என்றார் ஆச்சி நாற்காலியிலிருந்து.

"ஆச்சி... நீங்களும் இருக்கீகளா?"

"இருக்கேன். முட்டி வலின்னா முட்டி வலின்னு சொல்லத் தெரியாதா?"

ஆச்சி போனை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"குமரப்பா, ஒனக்கு?"

நான் கன்னத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"வாயை எதுக்கு வச்சிருக்கீக எல்லாரும்? சோறு திங்க மட்டுமா?" என்றார் ஆச்சி. "முடியாதவன் முடியலைன்னு சொல்லு. நின்ன எடத்துலயே பூசி விடறேன். அதுக்கு ஒரு சாஸ்திரம் கண்டுபிடிப்பானாம், அதை நாலு பேரு கட்டிக்கிட்டு அலைவாகளாம். வையி போனை."

சுப்பையா வைத்துவிட்டார். அவர் ஒருவர் சொல்லுக்கு உடனே கீழ்ப்படிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எந்திரிச்சு வா. திருநீறு பூசணும்."

"எந்திரிக்க வரல ஆச்சி. கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும். எனக்கு பிளைட் புதன்கெழமதான்."

என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. புதன்கிழமை வரை இருக்கிறது என்றதும் மூச்சு வந்தது. மெதுவாக ஒரு பக்கம் புரண்டேன். முழங்கை, பிறகு உள்ளங்கை. தலை கடைசியில் வரட்டும் என்று நவமணி சொன்னதுபோல அதைத் தொங்க விட்டேன். எங்கள் வீட்டு ஆண் ஒருவர் தலையைத் தொங்க விட்டதற்கு மூன்று பேர் சாட்சி. உட்கார்ந்தேன், ஒரு பக்கம் முழங்காலுக்கு வந்தேன். அந்த உயரம் ஆச்சியின் நாற்காலிக்குச் சரியாக இருந்தது. ஆச்சி குனிந்து, நெற்றியில் பூசிவிட்டு, மிச்சத்தை என் தலையில் தூவினார். கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே மீதி உயரத்தையும் ஏறினேன். மொத்தம் பதினோரு நிமிடம் என்று விஸ்வநாதன் பிறகு சொன்னான். அவன் எதற்காக மணி பார்த்தான் என்று தெரியவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றார் ஆச்சி. "ஏனமெல்லாம் கட்டியாச்சு. விசு பாசார் பக்கத்துல பொட்டலம் வாங்கிட்டு வருவான். மேசை நேத்தே லோரியில போயிருச்சு. கீழதான் ஒக்காரணும்."

நான் நின்ற இடத்தில் நின்றேன். பதினோரு நிமிடம் செலவழித்து ஏறி வந்த உயரம் அது.

விஸ்வநாதன் போய் வந்து, தரையில் பழைய செய்தித்தாளை விரித்தான். எல்லாரும் பொட்டலங்களைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். நான் கடைசியில் இறங்கினேன். இந்த முறை எதையும் யோசிக்கவில்லை. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, முழங்கால் மடங்கியது, கை தானாகத் தரைக்குப் போனது, இடுப்பு சரிந்து அமர்ந்தது. முனகல் இல்லை, நடுவில் நிற்கவில்லை, ஒரே ஓட்டம். நவமணி இருந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பார். நிமிர்ந்து பார்த்தேன். உமையாள் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விஸ்வநாதன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தான். ஆச்சி, ஊறுகாய் வாங்கினாயா என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.